குதிரைக்குத் தண்ணி காட்டுற கை

‘நாங்கள் என்ன சோதனை எலிகளா?’ என்று தட்டியில் எழுதிப் பிடிக்காத போராட்டம் நம்மிடம் குறைவு. இராமநாதபுரம் அரண்மனை வாசலில் பிடித்திருக்கிறோம். மண்டபத்தில் பிடித்திருக்கிறோம். சேரியை ஒட்டிக் குப்பைக்கிடங்கு வந்தாலும், கடற்கரையில் இறால் பண்ணைக் கழிவைத் திறந்துவிட்டாலும் இந்த வாசகம்தான் முதலில் கைக்கு வருகிறது.

வராமல் என்ன செய்யும்? அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, நாற்பது வருஷம், மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் செய்யாமல், நோய் உடம்பை எப்படித் தின்கிறது என்று அரசாங்க மருத்துவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்றில், விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். பெற்றவர்கள் போட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். 2010இல் அது நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்து அறிக்கை வைத்தது. அந்தத் தடுப்பூசியே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பெண்களுக்கு அது வேண்டும். கேட்காமல் குத்தியதுதான் விசயம். யாரைக் கேட்காமலேயே குத்தலாம் என்று முடிவு செய்கிற இடத்தில் நிறம் இருக்கிறது, சாதி இருக்கிறது.

ஆகவே அந்த வாசகம் பொய்யில்லை. ஆனால் எலி என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்ற கேள்வியும் அதற்குள்ளேயே கிடக்கிறது. அந்த எலிக்கு யார் தீனி வைக்கிறார்கள், யார் கூண்டு கழுவுகிறார்கள், செத்தால் யார் தூக்குகிறார்கள்? தட்டி பிடிக்கிற நம்மில் பாதிப் பேர் சோதனை எலியைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சித்தப்பா அதுகளோடு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்.

*

எங்களுக்கு ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். வானம் பார்த்த பூமி. சித்தப்பா எட்டாவது வரை படித்தவர். 1990களின் தொடக்கத்தில், கம்மாய் நிறையாத ஒரு வருஷம், ஊரைவிட்டுக் கிளம்பிப் போய்த் தென்மாவட்டத்து உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் தினக்கூலியாகச் சேர்ந்தார். பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறப் போவதில்லை. ஆராய்ச்சிக்கு விலங்குகள் வைத்திருக்கும் கட்டடத்தில் வேலை. ‘அனிமல் ஹவுஸ்’ என்பார்கள். வெள்ளை எலி, சுண்டெலி, முயல், கினிப்பன்றி. விடிகாலை ஆறு மணிக்குப் போனால் முதல் வேலை, கூண்டுகளில் நனைந்து கிடக்கும் உமியை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி பரப்புவது. அப்புறம் தண்ணீர் பாட்டில்களைக் கழுவி நிரப்புவது, தீனி எடை போட்டு வைப்பது, செத்தது இருந்தால் எடுப்பது, நோட்டில் எழுதுவது.

நான் எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். எலிகளுக்கு ஞாயிறு கிடையாது. முதல் நாள் உள்ளே போனபோது மூத்திர நெடியில் கண் கரித்துத் தண்ணி வந்துவிட்டது. சித்தப்பா சிரித்தார். “நமக்கே இப்பிடின்னா அதுகளுக்கு எப்பிடி இருக்கும்? நம்ம மாதிரி வெளிய போயி மூச்சு வாங்க முடியுமா? ஒருநாள் உமிய மாத்தாம விட்டாப் போதும், நெஞ்சுல சளி கட்டி இழுக்க ஆரம்பிச்சிரும்.”

அவர் சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பின்னாடிதான் தெரிந்தது. அவர் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. எலிக்கு மனசு சரியில்லாவிட்டால் கண்ணோரம் சிவப்பாக ஒரு நீர் வடியும். புதிதாக வருகிற மாணவர்கள் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள். “ரத்தமில்ல சார். கூண்ட மாத்துனது பிடிக்கல, இல்ல சீக்கு வரப்போகுதுன்னு அர்த்தம்” என்பார். கினிப்பன்றி நம்மைப் போலவே வைட்டமின் சியைத் தன் உடம்புக்குள் செய்துகொள்ள முடியாத பிறவி. தீனி பழசானால் அதிலுள்ள சத்து போய்விடும், மூட்டு வீங்கிப் படுத்துவிடும். சித்தப்பாவுக்கு வைட்டமின் கணக்குத் தெரியாது. காய்கறி மார்க்கெட்டில் கழித்துப் போடும் முட்டைக்கோசு இலையை மஞ்சள் பையில் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவிப் போடுவார். கதவைத் திறக்கும் முன் மெதுவாகக் குரல் கொடுப்பார். சடாரென்று திறந்தால் அதுகள் பதறும் என்பார்.

எலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். இரண்டு கையையும் குவித்து, தண்ணி அள்ளுவது போல அள்ளுவார். ‘சுண்டெலிக்குப் போயி இவ்வளவு மரியாதையா’ என்று கிண்டல் செய்த ஆராய்ச்சி மாணவர்கள் உண்டு. 2010இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்து எழுதினார்கள்: வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகள் மிரட்சியோடு இருந்தன, கையைக் குவித்து எடுத்தவை அமைதியாக இருந்தன. 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார், அறைக்குள் வரும் ஆளின் உடல்வாடையே எலியின் உடம்பில் பதற்றத்தை ஏற்றி, வலி பற்றிய சோதனையின் முடிவையே மாற்றிவிடுகிறது என்று காட்டினார்கள். அதாவது, எலியைத் தொடுகிற கை சரியில்லை என்றால் அந்த எலியை வைத்து எழுதிய ஆய்வும் சரியில்லை. மிரண்ட எலியின் ரத்தத்தில் மருந்தின் வேலை எது, மிரட்சியின் வேலை எது என்று யார் பிரிப்பது?

நான் இலக்கியம் படித்தவன். ஆய்வேடு கையில் கிடைத்தால் முதலில் நன்றியுரையைப் புரட்டுவேன். அந்தக் கட்டடத்தில் எலி வைத்து டாக்டர் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். நெறியாளருக்கு நன்றி, துறைத்தலைவருக்கு நன்றி, எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி, தட்டச்சு செய்து கொடுத்தவருக்குக்கூட நன்றி. எலியும் இல்லை. எலியைக் காப்பாற்றிக் கொடுத்தவரும் இல்லை.

அங்கே அவருக்குப் பேர் ‘எலிக்காரர்’. சாதிப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. படித்தவர்கள் இருக்கும் இடமல்லவா. ஆனால் டீ வாங்கி வந்தால் அவர் கையால் ஊற்ற விடமாட்டார்கள். “மேலெல்லாம் எலி வாடை அடிக்குது, நீங்க வச்சிட்டுப் போங்க, நாங்க ஊத்திக்கிறோம்.” அதே எலியை நாள் முழுக்கக் கையில் பிடித்து ஊசி போடும் மாணவருக்கு அந்த வாடை ஒட்டவில்லை. வாடையும் ஆள் பார்த்துத்தான் ஒட்டுகிறது. ஊரில் இதற்குத் தீட்டு என்று நேராகப் பேர் இருந்தது. அங்கே சுகாதாரம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

*

2012 மே மாதம். எலி அறையின் ஏ.சி. மிஷினில் சத்தம் கேட்டது. சித்தப்பா நோட்டில் எழுதினார்: ‘ஏசி சத்தம் வருது. கூலிங் இல்லை.’ மறுநாளும் எழுதினார். மூன்றாம் நாளும் எழுதினார். மூன்று நாளும் மேலே உள்ளவர்கள் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை ராத்திரி மிஷின் நின்றுவிட்டது. ஞாயிறு காலை அவர் கதவைத் திறந்தபோது அடுப்படி போல அனல். எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணியாது. முப்பத்தோரு எலி செத்துக் கிடந்தன. மிச்சத்தைக் கூண்டோடு வராந்தாவுக்குத் தூக்கி வந்து, கோணிச்சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டு, தன் காசில் ஐஸ்கட்டி வாங்கி வந்து பொழுது சாயும் மட்டும் விசிறிக்கொண்டு இருந்தார். சோறு கொண்டுபோன நானும் விசிறினேன். நூற்றுக்கும் மேலே பிழைத்துக்கொண்டன.

திங்கட்கிழமை சித்தப்பாவுக்கு மெமோ வந்தது. கவனக்குறைவு.

அந்த வாரம் அதை விசாரிக்கக் கமிட்டி கூடியது. சித்தப்பா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருந்தார். நோட்டை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அவரை உள்ளே கூப்பிடவில்லை. பிறகு மெமோ மட்டும் ரத்தாகவில்லை, ஒரு வருஷச் சம்பள உயர்வும் நின்றது. “எலி செத்ததுக்குக் கூட்டம் போட்டாக. நல்லதுதான். எலி ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்ச ஒருத்தனக் கேக்கணும்னு தோணல பாத்தியா” என்று அன்று ராத்திரி சொன்னார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தக் கமிட்டி என்ன கமிட்டி என்று நான் தேடிப் படித்தேன். 1953இல் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து தொடங்கி 1960இல் வந்தது மிருகவதைத் தடுப்புச் சட்டம். அது விலங்குகள் மீதான பரிசோதனையைத் தடை செய்யவில்லை. ஆனால் மயக்க மருந்து கொடுத்து வலி தெரியாமல் செய்ய வேண்டும், பிழைத்தாலும் சித்திரவதைதான் என்றால் மயக்கத்திலேயே உயிரைப் போக்கிவிட வேண்டும், கைப்பழக்கத்துக்காக அறுத்துப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. மேற்பார்வைக்கு ஒரு மத்தியக் குழு. 1998இல் அதற்கு விதிகள் வந்தன. 2006இல், சோதனை முடிந்த பிறகும் அந்த விலங்கைப் பராமரிக்கும் செலவு ஆராய்ச்சிச் செலவில் சேர்ந்தது என்று திருத்தம் வந்தது. விலங்கு வைத்து ஆராய்ச்சி செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அறநெறிக் குழு இருக்க வேண்டும். எட்டுப் பேர். உயிரியல் விஞ்ஞானி ஒருவர், வேறு வேறு துறை விஞ்ஞானிகள் இருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பான விஞ்ஞானி ஒருவர், வெளி நிறுவன விஞ்ஞானி ஒருவர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஒருவர். எட்டாவது ஆள்தான் முக்கியம்: அறிவியலாளர் அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவர்.

நல்ல சட்டம்தான். கூண்டின் நீளம் அகலம் உயரம் இத்தனை சென்டிமீட்டர் என்று வழிகாட்டி நெறியில் இருக்கிறது. வேலையாளுக்குக் கையுறை, முகமூடி, பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் எட்டு நாற்காலியில் ஒன்றுகூட எலியைத் தினமும் பார்க்கிறவனுக்கு என்று போடப்படவில்லை. சமூக அக்கறை என்பதை ஓய்வுபெற்ற அதிகாரியிடமும் ஊர்ப் பிரமுகரிடமும் தேடுகிறார்கள். உமி அள்ளுகிறவனிடம் அது இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

செத்த எலியை மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும் என்பது மருத்துவக் கழிவு விதி. பையில் போடுவது யார்? எங்கள் ஊரில் என் தாத்தா காலத்தில் செத்த மாட்டை இனித் தூக்க மாட்டோம் என்று கூட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், ஊர்க்கிணற்றுப் பக்கம் போக முடியாமல் கிடந்தார்கள். ஒரு தலைமுறை தள்ளி அதே வேலை ஏ.சி. அறைக்குள் சம்பளத்தோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கவுரவமான வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செத்ததைத் தூக்க ஒரு சாதி, அதைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்க வேறு சாதி என்ற பழைய கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

*

“நம்ம சனத்துக்கே நாதியில்ல, நீ எலிக்கு வக்காலத்து வாங்குறியா?” என்று கேட்கிற தோழர்களுக்கு எங்கள் அத்தையின் கதையைச் சொல்ல வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் நம் ஆட்களுக்கு நிலம் கிடையாது. சீமைக் கருவேலம் உண்டு. வெட்டி, தூர் தோண்டி, அடுக்கி, மண் மூடி, கரிமூட்டம் போடுவதுதான் மழை இல்லாத மாசங்களின் பிழைப்பு. தூரைப் பிடுங்கும்போது கை போகும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் சுருட்டை விரியன் சுருண்டு கிடக்கும். ஒரு சாண் நீளம்கூட இருக்காது சிலது. 2016இல் அத்தையை வலது கை விரலில் கொத்தியது. பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். டாடா ஏஸ் வண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. அங்கே கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்தார்கள். உறையவில்லை. தண்ணியாகவே ஓடியது. உடனே பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

எத்தனை பேர் பிழைக்கவில்லை? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. இதில் பங்களாவில் குடியிருந்தவர் எத்தனை பேர் இருப்பார்? வயலில், காட்டில், தரையில் படுத்தவர்கள்தான். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததே 2024 நவம்பரில்தான்.

மூன்றாம் நாள் அத்தை எழுந்து உட்கார்ந்தபோது, பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி பொறுமையாக விளக்கினார். இந்த மருந்து குதிரையிலிருந்து வருவது. பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசி போட்டு, அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சத்து ஊறும். அந்த ரத்தத்தை எடுத்துத் தெளியவைத்து, சுத்தம் பண்ணி, பொடியாக்கிக் குப்பியில் அடைப்பார்கள். 1890களில் பிரெஞ்சுக்காரர் ஆல்பர் கல்மெத் தொடங்கி வைத்த முறை. இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை.

அத்தை ஆடு வளர்ப்பவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டாள்: “அந்தக் குதிரைக்கு யாரும்மா தண்ணி காட்டுறது?”

டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் தேட ஆரம்பித்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் கணக்கு இருக்கிறது. ஒரு தடவைக்குக் குதிரையின் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிலிட்டர் ரத்தம்தான் எடுக்கலாம். 400 கிலோ குதிரை என்றால் ஐந்து முதல் ஆறு லிட்டர். சிவப்பணுக்களைப் பிரித்துத் திரும்ப அதன் உடம்பிலேயே ஏற்றினால் குதிரைக்கு ரத்தசோகை வராது. இடையில் ஓய்வு கொடுக்க வேண்டும். ஊசி போட்ட இடம் புண்ணாகாமல் பார்க்க வேண்டும். இது எழுத்தில். 2015இல் இந்தியாவில் இப்படிக் குதிரை வைத்திருக்கும் பல இடங்களுக்குப் போன ஆய்வுக் குழுக்கள் எழுதிய அறிக்கைகளில் வேறு காட்சி இருக்கிறது. ரத்தசோகை, சீவி விடாத குளம்பு, பழுதான கண், எலும்பு தெரியும் விலா. சோகை பிடித்த குதிரையின் ரத்தத்தில்தான் நம் பெண்களின் உயிர் ஊறுகிறது. குதிரைக்குக் கொள்ளில் குறை வைத்தால் அந்தக் குறை குப்பிக்குள் வந்து, கரிமூட்டத்துக்காரியின் நரம்புக்குள் வந்து சேரும். இதைப் புரிந்துகொள்ள ஆன்மீகம் எதுவும் வேண்டாம்.

எங்கள் பக்கம் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். வேளார் செய்த மண் குதிரையைத் தூக்கிக்கொண்டு ஊர் போகும். எங்கள் ஊரில் அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் நாங்கள் போகக் கூடாது. 2018இல் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வாங்கி ஏறிப் போன தலித் இளைஞர் ஒருவர் அதற்காகவே கொல்லப்பட்டார் என்று அவருடைய அப்பா சொன்னார். மண் குதிரையைத் தொட்டால் தீட்டு, உயிர்க் குதிரையில் ஏறினால் கொலை. அந்தக் குதிரையின் ரத்தம் இன்று எங்கள் அத்தையின் உடம்பில் ஓடுகிறது. அது சாதி கேட்கவில்லை.

*

குதிரைக்கு முன்னாடி பாம்பு இருக்கிறது. பாம்புக்கு முன்னாடி இருளர் இருக்கிறார்கள்.

இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குப் போகும் விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுவது. அதற்கு முன்பு இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972இல் வனவிலங்குச் சட்டமும் பின்னால் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து பிழைப்புப் போனது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் சங்கம் பதிவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்த பாம்பைத் துணி கட்டிய மண்பானையில் வைத்துக்கொள்வார்கள். வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுப்பார்கள். மூன்று நான்கு வாரம் முடிந்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கையில் மாட்டினால் விஷம் எடுக்காமல் விடுவார்கள். விலங்கிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதை உயிரோடு அதன் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இது. இதைக் கையால் செய்துகொண்டிருக்கிறவர்கள் பழங்குடிகள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் எத்தனை இருளர் குடும்பங்களுக்கு இன்னும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இல்லை என்பதை அவர்களோடு வேலை செய்கிற எந்தத் தோழரைக் கேட்டாலும் சொல்வார்.

கடற்கரைக்கு வந்தால் இன்னொரு கதை. மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேஸ்வரத்திலும் வலையைக் கொட்டி மீனைப் பிரிக்கிற கைகளில் கடல் பாம்பு கடிக்கிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு தரைப் பாம்புகளுக்கானது. கடல் பாம்புக்கு அதில் ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் கடல் பாம்புக்கென்றே மருந்து செய்கிறார்கள். இங்கே யாருக்காக ஆராய்ச்சி நடக்கிறது என்பதும் விலங்குக் கூடத்தின் அறநெறிதான். ஏற்கெனவே பத்து மருந்து உள்ள நோய்க்குப் பதினோராவது மருந்தைத் தேடி ஆயிரம் எலியைக் கொல்வதும், கூலிக்காரனைக் கொல்லும் விஷத்துக்கு ஒரு குதிரைகூட ஒதுக்காமல் இருப்பதும் ஒரே கமிட்டியின் மேசையைத் தாண்டித்தான் வருகின்றன.

*

இந்த நாட்டில் உயிர்க்கருணை பேசுகிறவர்களைக் கண்டால் நமக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் உண்டு. நாயும் மாடும் குடிக்கிற குளத்தில் நாம் குடிக்கக் கூடாது என்றார்கள். அதற்காக அம்பேத்கர் 1927இல் மகாத்தில் ஊர்வலம் போய்த் தண்ணீர் அள்ள வேண்டியிருந்தது. 2016இல் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த பிள்ளைகளைப் பசுக்கருணை பேசியவர்கள் வண்டியில் கட்டி வைத்து அடித்தார்கள். அவர்களுடைய கருணையில் மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே எப்போதும் நாம் கீழே இருப்போம்.

அதனால் விலங்குக்கான நியாயத்தை அவர்களிடமே விட்டுவிட முடியுமா? கறி தின்கிறவனுக்கு இரக்கம் பேச உரிமையில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆடு அறுக்கிற என் அத்தை அறுப்பதற்கு முன்பு அதற்குத் தண்ணி காட்டுவாள், மற்ற ஆடுகளின் கண் முன்னால் அறுக்க விடமாட்டாள். சித்தப்பாவும் சோதனை வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “மருந்து வேணும். அதுக்கு எலி சாகத்தான் செய்யும். வலிக்காமச் சாகட்டும், வீணாச் சாக வேணாம்” என்பார். 1960இன் சட்டம் இங்கிலீசில் நீளமாகச் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொன்னார். இந்த இரக்கம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து வந்ததில்லை. தினமும் தொட்டு, கழுவி, தீனி வைத்துப் பழகியதில் வந்தது. வலியைக் கேட்காமல் இருப்பதற்குச் சாதி ஒருவனைப் பழக்குகிறது. சேரியின் சத்தம் காதில் விழாமல் வளர்ந்தவனுக்குக் கூண்டின் சத்தம் எப்படி விழும்?

சித்தப்பா 2019இல் ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பும் இரண்டு பையன்கள் வருகிறார்கள், ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாறுகிறார்கள். எலியின் கண்ணில் வடியும் சிவப்பைப் படிக்க ஆறு மாசம் போதாது. சித்தப்பாவுக்கு இப்போது ராத்திரியில் இளைப்பு. எலியின் மூத்திரப் புரதம் காற்றில் கலந்து, அதனிடையே வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா தரும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட தொழில்நோய். அவருடைய மருத்துவச் சீட்டில் ‘பீடிப் பழக்கம் உண்டா?’ என்ற கேள்விதான் இருக்கிறது. அவர் பீடி குடித்ததே இல்லை.

நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. அறநெறிக் குழுவில் விலங்குக் கூடத் தொழிலாளிக்கு ஓட்டுரிமையோடு ஒரு நாற்காலி. அந்த வேலை நிரந்தர வேலை. கையுறை, தடுப்பூசி, வருஷம் ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனை. வேலையாள் நோட்டில் எழுதிய புகாருக்கு இத்தனை மணி நேரத்தில் பதில் என்று விதி. சீரம் கம்பெனிக் குதிரைகளின் ரத்தக்கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும். கடல் பாம்புக்கு மருந்து.

இதைப் படிக்கிற மாணவர்களில் விலங்கியல், மருந்தியல் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் நிறுவனத்து விலங்குக் கூடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அங்கே உமி மாற்றிக்கொண்டிருப்பவரின் பெயரைக் கேளுங்கள். அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். பிறகு அலுவலகத்துக்கு வந்து, அறநெறிக் குழுவில் சமூக அக்கறையுள்ளவர் என்று யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை நம் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள்.